ஐந்து அம்பும் ஓர் இராமனும்

சீட்டு என்றாலே நம் வீடுகளில் பெரியவங்க முகம் சுளிப்பாங்க. எங்கள் சமண நூல்கள் சூதை ஏழு வியசனங்களில் ஒன்றாக வைத்துள்ளன. வேண்டாத நினைப்பில் மூழ்குவதும் 'அபத்தியானம்' என்ற குற்றம். ஆட்டமும் கூடாது, பகற்கனவும் கூடாது என்றால், ஆட்டத்துக்கென்றே எழுதிய ஓவியங்களை எப்படி மதிப்பிடுவது? நாம் வாழும் வங்காளத்திலேயே இதற்கு விடை இருக்கிறது.

பாங்குரா மாவட்டத்து விஷ்ணுபூரின் சுடுமண் கோயில்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். அவ்வூரின் இன்னொரு செல்வம் தசாவதாரச் சீட்டு. மல்ல அரசர் பீர் ஹம்பீர் காலத்தில் தொடங்கியது என்பார்கள். ஃபௌஜ்தார் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக இதை எழுதி வருகிறார்கள். பழந்துணியைப் புளியங்கொட்டைப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டி, வெள்ளை பூசி, மெருகேற்றி, வட்டமாக வெட்டி வண்ணம் தீட்டுவார்கள். மொத்தம் 120 சீட்டு, அவதாரத்துக்கு 12.

ராஜா சீட்டில் அவதாரமே எழுந்தருளியிருக்கும். அடுத்தது மந்திரி. மீதி 10 சீட்டிலும் ஆள் கிடையாது, அடையாளம் மட்டும்தான். மச்சத்துக்கு மீன், கூர்மத்துக்கு ஆமை, வாமனனுக்குக் கமண்டலம், பரசுராமனுக்குக் கோடரி, இராமனுக்கு அம்பு, கல்கிக்கு வாள்.

இந்தச் சீட்டின் உயிர் அந்தப் பத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. கையில் ஐந்து அம்பு. யார் மேல் விட்டது? காடா, கடற்கரையா? சீட்டு வாய் திறக்காது. தன் முறை வரும்வரை காத்திருப்பவன் மனசு தானாகவே தண்டகாரணியத்துக்குப் போய்விடும். ஓவியன் பாதியை எழுதினான். மீதியை ஆடுபவன் எழுதுகிறான்.

பெரிய அறிஞரும் இதற்கு விலக்கல்ல. நம் பார்க் தெரு ஆசியக் கழகத்தின் இதழில் 1895இல் ஹரப்பிரசாத் சாஸ்திரி இச்சீட்டைப் பற்றி எழுதினார். புத்தருக்கு உள்ள இடத்தையும் தாமரை அடையாளத்தையும் வைத்து, ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பழமை இதற்கு உண்டு என்று வாதிட்டார். கஞ்சீபா என்னும் இவ்வகைச் சீட்டே மொகலாயரோடு பாரசீகத்திலிருந்து வந்தது என்பது பின்வந்த ஆய்வாளர் பலரின் முடிவு. ஒரு தாமரைப் படம் அவரை எவ்வளவு தூரம் அழைத்துப் போயிருக்கிறது, பாருங்க!

இனி அந்தக் குற்றத்துக்கு வருவோம். பிறர் கெடவேண்டும், அவர் பொருள் அழியவேண்டும் என்று மனசுக்குள் புழுங்குவதுதான் அபத்தியானம். கற்பனை எல்லாமே அதில் சேராது. அப்படிச் சேருமென்றால், குஜராத், ராஜஸ்தான் சமணர்கள் 'ஞான சௌபட்' பலகையை எழுதியிருப்பார்களா? கீழே நரகம், மேலே சொர்க்கம், உச்சியில் சித்தசிலை. பெரும்பாலும் 84 கட்டங்கள். வைகுண்ட ஏகாதசி இரவில் நாம் ஆடும் பரமபதம் அதன் உடன்பிறப்பு. பாம்பு கடித்துக் கீழே விழும் பிள்ளை, தன் செய்கைக்குப் பலன் உண்டு என்று படத்திலேயே படிக்கிறது. இங்கிலாந்துக்குப் போன இந்த ஆட்டம் நாளடைவில் எண் எழுதிய வெறும் கட்டங்களாகச் சுருங்கியது. பாம்பு மிஞ்சியது, ஏன் கடிக்கிறது என்ற கதை போயிற்று.

1993இல் அமெரிக்காவில் வந்த 'மேஜிக்: த கேதரிங்' சீட்டுகளில் பறவைநாகமும் மந்திரவாதியும் மயிர்க்கால் தெரிய வரையப்பட்டிருக்கின்றன. கைவண்ணத்தில் குறை சொல்ல முடியாது. முன்கதை தெரியாத பிள்ளையும் அதைப் பார்த்து ஒரு கதை கட்டும். ஆனாலும் உருவம் முழுக்க ஓவியனுடையதே. விஷ்ணுபூர்ச் சீட்டில் உருவத்தையும் நாமே கொண்டுவர வேண்டும். அந்த வேலையில்தான் மனம் வளர்கிறது.

இன்று விஷ்ணுபூர்ச் சீட்டு பெரும்பாலும் சட்டத்துக்குள் சுவரில் தொங்குகிறது. ஆடத் தெரிந்தவர் சிலரே. மாட்டி வைத்தால் அது அலங்காரம். கையில் பிடித்தால்தான் கனவு. வாங்குபவர்கள் அதைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். கதையை உடனே சொல்லிவிடாதீங்க. அம்பு யாருடையது என்று அவங்களே கேட்கட்டும்.