இசை வரலாறு எழுதும் பல கைகள்

நெய்வேலி நகரியத்தில் வாழ்வோருள் பெரும்பாலோர்க்கு இது முன்னோர் வாழ்ந்த மண் அன்று. 1956ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியபின் பல மாவட்டங்களிலிருந்தும் பணிக்கு வந்து குடியேறியவர்களும் அவர்தம் மக்களுமே இங்கு மிகுதி. வந்த ஒவ்வொரு குடும்பமும் தன் ஊர்ப் பாட்டையும் உடன் கொண்டு வந்தது. சுரங்கத்துக்காக வீடும் நிலமும் விட்டுப் பெயர்ந்த சுற்றுச் சிற்றூர்களிலும் கூத்தும் மேளமும் பசனையும் இருந்தன. அவற்றுள் எவ்வளவு எழுதி வைக்கப்பட்டது? ஊர்ப்பெயரைத் தம் பெயரோடு தாங்கி இசை மேடைகளில் ஒலிக்கச் செய்த நெய்வேலி சந்தானகோபாலன் போன்றோரை நாடறியும். நாடறியாதவர்களின் வரலாற்றை யார் எழுதுவது?

தமிழ் விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தில் இசை வரலாறு பற்றிய கட்டுரைகளைச் சில மாதங்களாகப் படித்து வந்தபோது இக்கேள்வி மீண்டும் மீண்டும் எழுந்தது. ஊதியம் பெறாத தன்னார்வலர்கள் ஒன்றுகூடி எழுதும் அக்கட்டுரைகளின் நிறையையும் குறையையும் எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று களஞ்சியங்கள்

தமிழில் கலைக்களஞ்சிய முயற்சி ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்டது. ஆ. சிங்காரவேலு முதலியார் தனியொருவராகப் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த ‘அபிதான சிந்தாமணி’ 1910இல் வெளிவந்தது. விடுதலைக்குப் பின் தமிழ் வளர்ச்சிக் கழகம் அறிஞர் பலரைக் கொண்டு எழுதுவித்த ‘கலைக்களஞ்சியம்’ 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. அதன் முதன்மைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரன், தமிழ்க் கீர்த்தனைகள் பல இயற்றிய இசைவாணருமாவார். இசை அறிந்த ஒருவர் களஞ்சியத்தின் தலைமையில் அமர்ந்தது தமிழ் இசைக்குக் கிட்டிய நற்பேறு.

மூன்றாவதாக 2003ஆம் ஆண்டில் தொடங்கியது தமிழ் விக்கிப்பீடியா. தொடக்கக் காலத்திலேயே இணைந்து அதற்கு வடிவம் தந்தவருள் முதன்மையானவர் ஈழத்தமிழரான இ. மயூரநாதன். 2017இல் அதன் கட்டுரைகள் ஓர் இலட்சத்தைத் தொட்டன. இன்று ஒன்றரை இலட்சத்தையும் கடந்துவிட்டன. முதற் களஞ்சியத்தை ஒருவர் எழுதினார். இரண்டாவதை அழைக்கப்பட்ட அறிஞர்கள் எழுதினர். மூன்றாவதை எழுத எவருக்கும் அழைப்பு வேண்டியதில்லை. பள்ளி மாணவரும் பேராசிரியரும் ஒரே பக்கத்தில் ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்துகின்றனர். இது அறிவைக் குலைத்துவிடாதா என்று அஞ்சுவோர் உளர். அந்த அச்சத்தை எளிதில் ஒதுக்குதல் முறையன்று. ஆயினும் பல கைகள் சேர்ந்து இசை வரலாறு எழுதுவது நமக்குப் புதியது அன்று.

முன்னோடிகள் இருவர்

முத்துசுவாமி தீட்சிதரின் குடும்ப வழியில் வந்தவர் எட்டயபுரம் சமஸ்தான வித்துவான் சுப்பராம தீட்சிதர். பரம்பரையாக வந்த உருப்படிகளும் இசை இலக்கணமும் அவர் நினைவிலும் ஏட்டுச்சுவடிகளிலும் இருந்தன. அவற்றை உலகறியச் செய்ய வேண்டும் என்று இடைவிடாது வற்புறுத்தியவர் சென்னை அரசுச் செயலகத்தில் பணியாற்றிய ஏ. எம். சின்னசாமி முதலியார் என்னும் கிறித்தவர். மேலைநாட்டுச் சுரக்குறியீட்டில் நம் இசையை அச்சிட 1892இல் முனைந்த அவர், அதற்காகப் பொருளை இழந்தார், கண்பார்வையும் மங்கியது. தம் முயற்சி முற்றுப்பெறாது என்று கண்டபோது அவர் எட்டயபுரம் சென்று அரசரிடம் முறையிட்டார். அரசர் ஆதரவளிக்க, 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ தெலுங்கில் அச்சேறியது. உருப்படிகளோடு இசைவாணர் பலரின் வரலாறும் அதில் இடம்பெற்றது. பின்னாளில் சென்னை மியூசிக் அகாதெமி அதனைத் தமிழ் எழுத்திலும் வெளியிட்டது.

இந்நூலின் முகப்பில் ஒருவர் பெயரே நிற்கிறது. ஆனால் பாடிக் காட்டியவர், கேட்டெழுதியவர், பொருள் தந்தவர், அச்சுக் கோத்தவர் என அதன் பின்னே நின்றோர் பலர். வைணிகரான தீட்சிதரையும் கிறித்தவரான முதலியாரையும் இணைத்தது சமயம் அன்று. இசை அழிந்துவிடக் கூடாது என்ற கவலையே. இன்று ஒருவரையொருவர் நேரில் கண்டறியாத தன்னார்வலர்களை ஒரே கட்டுரையில் இணைப்பதும் அக்கவலையே எனலாம்.

கட்டுரைக்குப் பின்னே உள்ள பக்கங்கள்

விக்கிப்பீடியாவின் கட்டுரையை மட்டும் படிப்பவர் பாதியே படித்தவராவார். ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னே இரண்டு பக்கங்கள் உள்ளன. ஒன்று வரலாற்றுப் பக்கம். எந்த வரியை எவர், எந்நாளில் சேர்த்தார், எவர் நீக்கினார் என்பது அங்கே பதிவாகியிருக்கும். மற்றொன்று உரையாடல் பக்கம். கருத்து வேறுபாடுகளைத் தன்னார்வலர்கள் அங்கே வாதிட்டுத் தீர்க்கின்றனர். தீராதவை தீராமலே கிடக்கும். அச்சு நூலின் ஆசிரியர் தம் ஐயங்களையும் அடித்தெழுதிய வரிகளையும் வாசகர்க்குக் காட்டுவதில்லை. இங்கோ அவை மறைக்கப்படாமல் நிற்கின்றன. இக்களஞ்சியத்தின் தலையாய சிறப்பு இதுவே என்பது என் துணிபு.

இசை வரலாற்றுக்கு இவ்வமைப்பு பெரிதும் வேண்டப்படுவது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலில், ஒரு தாயியில் வரும் சுருதிகள் 22 அல்ல, 24 என்று நிறுவ முயன்றார். அதற்கு முந்திய ஆண்டில் பரோடாவில் நடந்த அனைத்திந்திய இசை மாநாட்டில் தம் புதல்வியரைக் கொண்டு தம் கருத்தை இசைத்தும் காட்டினார். 22 என்ற மரபை நிலைநாட்டியோரும் சான்றுகளோடுதான் பேசினர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராய்த் திகழ்ந்த விபுலானந்த அடிகள் 1947இல் வெளியிட்ட ‘யாழ் நூல்’ பழந்தமிழ் இசையைக் கணக்கியல் வழியே ஆராய்ந்தது. இவற்றுள் எது முடிந்த முடிபு என்று தீர்ப்பளிப்பது களஞ்சியத்தின் வேலை அன்று. இன்னார் இன்ன சான்றால் இன்னது கூறினார் என்று அனைத்தையும் அடுத்தடுத்து நிறுத்துவதே அதன் வேலை. நடுநிலை நோக்கு, சான்று காட்டுதல், சொந்த ஆய்வைப் புகுத்தாமை என்னும் மூன்று விதிகளும் இதற்காகவே வகுக்கப்பட்டன. தமிழிசை இயக்கம் 1940களில் எழுப்பிய கேள்விகள் இன்றும் சூடு தணியாதவை. ஆதலால் இவ்விதிகளைக் கடைப்பிடிப்பது சொல்வதைக் காட்டிலும் கடினம்.

காணப்படும் குறைகள்

விதி நன்றாயினும் விளைவு எங்கும் நன்றாக இல்லை. பெரும் புலவர், பெரும் பாடகர் சிலரைப் பற்றிய கட்டுரைகள் விரிவாக உள்ளன. வேறு பல சில வரிகளோடு நின்றுவிடுகின்றன. ‘மேற்கோள் தேவை’ என்ற குறிப்பு பல இடங்களில் காத்துக் கிடக்கிறது. வரலாறு கூற வேண்டிய இடத்தில் புகழுரை வந்து அமர்ந்துகொள்கிறது. ‘இசைக்கடல்’, ‘ஈடு இணையற்றவர்’ என்னும் அடைமொழிகளால் ஒருவர் எவரிடம் பயின்றார், எவ்வகையில் பாடினார் என்பதை அறிய இயலாது.

செவிவழிக் கதையைக் கையாளும் முறையிலும் தெளிவு வேண்டும். நம் அருகிலுள்ள தில்லையைப் பாடிய முத்துத்தாண்டவரை எண்ணிப் பார்ப்போம். அவர் காலத்தை 1525 முதல் 1600 வரை என்பாரும் 1560 முதல் 1640 வரை என்பாரும் உளர். கோயிலில் நாளும் முதலில் காதில் விழும் சொல்லை முதலாகக் கொண்டு அவர் பாடினார் என்பதும், வெள்ளம் பெருகிய கொள்ளிடம் அவர் பாட்டுக்கு வழிவிட்டது என்பதும் மரபாக வழங்குவன. இவற்றை நீக்கிவிடுதல் வறட்டுத்தனம். மக்கள் அவரை எப்படி நினைவில் வைத்தனர் என்பதற்கு அவையே சான்று. அவற்றை நடந்த நிகழ்ச்சி போல எழுதுதலோ பிழை. ‘என்று வழங்குவர்’ என்ற ஒரு தொடர் போதும், கதையும் வாழும், வரலாறும் பிழைக்கும்.

இன்னொரு தீங்கு சுழற்சியாக வருவது. களஞ்சியத்தில் ஒருவர் ஆராயாமல் எழுதிய ஆண்டை ஓர் இணையதளம் படியெடுக்கிறது; பிறகு அந்த இணையதளமே களஞ்சியத்துக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. பிழை இவ்வாறு தனக்குத் தானே சாட்சி சொல்லிக்கொள்கிறது. இதனைத் தடுக்க அச்சு நூலைத் தேடிப் புரட்டும் கைகள் வேண்டும்.

மொழியைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். ஆங்கிலக் கட்டுரையை வரிக்கு வரி பெயர்த்த இடங்களில் தமிழ் நடை தடுமாறுகிறது. ஆரோகணம் அவரோகணம் என்பதா, ஆரோசை அமரோசை என்பதா, ஏறுநிரை இறங்குநிரை என்பதா என்ற வழக்கும் ஓயவில்லை. மேடையில் இருப்பவர் அறிந்த சொல்லையும் மரபில் உள்ள தமிழ்ச் சொல்லையும் முதலில் சேர்த்துத் தந்து, பின்னர் ஒன்றையே சீராக ஆளுவது நன்று. களஞ்சியம் சொற்போருக்குக் களம் ஆகும்போது இசை கற்க வந்த மாணவன் வெளியே நின்றுவிடுகிறான்.

ஏட்டில் ஏறாதவர்கள்

இவையெல்லாம் உழைப்பால் திருந்தக் கூடியவை. எளிதில் திருந்தாத குறை ஒன்று உண்டு. அதை எனக்கு உணர்த்தியவர் இந்நகரில் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர். சுரங்கத்தில் இரவுப் பணி பார்த்துப் பழகிய அவருக்கு இன்றும் பின்னிரவில் உறக்கம் வருவதில்லை. அந்நேரத்தில் அமர்ந்து இசைவாணர் கட்டுரைகளில் ஆண்டுகளைச் சரிபார்க்கிறார். அவருடைய தந்தையார் சிதம்பரத்தை அடுத்த சிற்றூரில் நாகசுரம் வாசித்தவர். நாற்பது ஆண்டுக்கு மேல் பல கோயில்களில் ஊழியம் செய்து, மாணவர் பலரை உருவாக்கியவர்.

“அப்பாவைப் பற்றி எழுதிவிட்டீர்களா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இல்லை ஐயா. அவரைப் பற்றி அச்சில் ஒரு வரியும் இல்லை. மற்றவர் கட்டுரையில் ‘மேற்கோள் தேவை’ என்று போடுகிற நான், என் அப்பாவுக்கு மட்டும் எப்படி விதியை மாற்றுவது?” என்றார்.

அவ்விடையில் இருந்த நேர்மை என்னைத் தலைகுனியச் செய்தது. அதே வேளையில் ஓர் அநீதியும் அதனுள் இருப்பதை உணர்ந்தேன். மேடைக் கச்சேரிக்குச் செய்தித்தாளில் விமரிசனம் உண்டு. வீதியுலாவில் விடிய விடிய வாசித்தவர்க்கு இல்லை. பாட்டு கற்பித்த பெண்கள், பின்பாட்டுப் பாடினோர், ஒத்து ஊதியோர் முதலியோர் அச்சில் ஏறவே இல்லை. திருவையாற்றில் தியாகராசர் சமாதியில் ஆலயம் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளின் பெயர் நிலைத்தது; அவரைப் போன்று கலையைக் காத்த பெண்கள் எத்தனை பேரின் பெயர் நிலைத்தது? அச்சிட்ட சான்றையே ஏற்கும் களஞ்சியம், அச்சுலகம் ஏற்கெனவே செய்த புறக்கணிப்பைத் தன்னை அறியாமலே தொடர்கிறது.

இதற்காக விதியைத் தளர்த்தலாமா? கூடாது. தளர்த்தினால் ஒவ்வொரு குடும்பமும் தன் முன்னோரைச் சக்கரவர்த்தியாக்கும். எவர் கூற்றையும் எவரும் நம்ப இயலாது. விதி இருந்தபடியே இருக்கட்டும். குறை களஞ்சியத்துக்கு முந்திய கட்டத்தில், அதாவது நம்மிடத்தில், இருக்கிறது.

நம் பங்குகளும் ஊர்களும் வெளியிடும் வெள்ளிவிழா மலர்களையும் நூற்றாண்டு மலர்களையும் எடுத்துப் பாருங்கள். நன்கொடையாளர் பட்டியல் இருக்கும். தலைவர்களின் படங்கள் இருக்கும். முப்பது ஆண்டு ஆர்மோனியம் வாசித்தவர், பாடகர் குழுவுக்குக் கீர்த்தனை கற்பித்தவர், தேர்த்திருவிழாவுக்கு மேளம் வாசிக்க வந்தவர் ஆகியோர் பெயர் இருக்குமா? மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர் என்பதை அறிந்தோருள்ளும் அவரைப் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தின் ஆசிரியராக மட்டுமே நினைப்பவர் பலர். அவருடைய ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’யோ அச்சேறியதனால் இன்றும் கருநாடக இசை மேடைகளில் வாழ்கிறது. அச்சேறாமல் இருந்திருந்தால் அந்த இசையாசிரியரையும் நாம் இழந்திருப்போம்.

நாளும் இடமும் குறித்து, இன்னாரிடம் கேட்டு எழுதியது என்று பெயருடன் அச்சிட்ட ஒரு பக்கம் போதும். அத்தகைய பக்கம் ஒருவரின் பெருமைக்குச் சான்றாகாது. அவர் எங்கே பிறந்தார், எவரிடம் பயின்றார், எங்கே வாசித்தார் என்னும் எளிய செய்திகளுக்கேனும் சான்றாகக் கூடும். பின்னர் வரும் ஆராய்ச்சியாளர் அதிலிருந்து தொடங்கலாம்.

சொந்தத் தந்தையைப் பற்றி எழுதாமல், பிறர் தந்தையரின் பிறந்த ஆண்டைத் திருத்திக்கொண்டிருக்கும் அந்நண்பரை இப்போது வேறொரு வேலைக்கு இணங்கச் செய்திருக்கிறேன். தந்தையாரிடம் பயின்ற மாணவருள் எஞ்சியிருப்போர் சிலரே. அவர்களைத் தேடிச் சென்று, சொல்வதைக் கேட்டு, ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதோடு ஒப்பிட்டு எழுதிவர வேண்டும். அவர் எழுதுவதை நான் திருத்துவேன். என் திருத்தத்தை அவர் மறுக்கலாம். முதற் பயணம் வரும் ஞாயிற்றுக்கிழமை.