பிறர் கைக்குப் போன பாவ அறிக்கை

1552-ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் செவீயா நகரில் ஒரு சிறு நூல் அச்சேறியது. அமெரிக்க நாடுகள் எவ்வாறு அழிக்கப்பட்டன என்பதைச் சுருக்கமாகக் கூறும் அந்நூலை எழுதியவர் பர்த்தலோமே தெ லாஸ் காசாஸ். தொமினிக் சபைத் துறவி; சியாப்பாஸ் மறைமாவட்டத்தின் ஆயராக இருந்தவர். நூல் இளவரசர் பிலிப்புக்கு உரித்தாக்கப்பட்டிருந்தது. ஆக, ஸ்பானியர் செய்த பாவத்தை ஸ்பானியர் ஒருவரே தம் வருங்கால அரசர்முன் அறிக்கையிட்டார்.

நூற்றுநான்கு ஆண்டுகளுக்குப் பின், 1656-இல், இதே நூல் இலண்டனில் 'இந்தியரின் கண்ணீர்' என்னும் பெயரில் வெளிவந்தது. மொழிபெயர்த்தவர் கவிஞர் மில்டனின் சகோதரி மகன் ஜான் பிலிப்ஸ். இம்முறை நூல் ஆலிவர் கிராம்வெல்லுக்கு உரித்தாக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டுதான் கிராம்வெல்லின் கப்பற்படை ஹிஸ்பானியோலாத் தீவில் தோற்று, ஜமைக்காவைப் பிடித்திருந்தது. பாவ அறிக்கை இப்போது பகைவனின் குற்றப்பத்திரிகையாயிற்று. ஒரே நூலின் இவ்விரு பிறவிகளையும் அருகருகே வைத்து நோக்கினால், அமெரிக்காவை ஆண்ட இரு பேரரசுகளின் உள்ளமும் ஓரளவு விளங்கும்.

நூலை இலக்கியமாக மதிப்பிடுவது எளிதன்று. ஒவ்வொரு நாடாகச் சொல்லிச் செல்லும் ஆசிரியர் ஒரே ஓலத்தையே திரும்பத் திரும்ப எழுப்புகிறார். எண்ணிக்கைகள் நம்பத்தக்கனவல்ல: ஹிஸ்பானியோலாவில் மட்டும் 30 இலட்சம் மக்கள் வாழ்ந்ததாகக் கூறுகிறார், இன்றைய ஆய்வாளர் பெரும்பாலோர் அதனினும் மிகக் குறைவாகவே கணிக்கின்றனர். வாளைவிடப் பெரிய கொலையாளியாயிருந்த பெரியம்மை அவர் பார்வையில் உரிய இடம் பெறவில்லை. கொன்றவர்களையும் பெரும்பாலும் பெயர் சொல்லாமல் 'கொடுங்கோலர்' என்றே குறிக்கிறார். மாண்டவர்களோ, சாதுவான ஆடுகளாக, முகமற்றவர்களாக நிற்கின்றனர்.

ஆயினும் கியூபாவில் எரிக்கப்பட்ட தலைவன் அத்துவேயின் கதையைப் படித்தபின் இக்குறைகளை எண்ணிக்கொண்டிருக்க மனம் வராது. கம்பத்தில் கட்டப்பட்டவனிடம் ஒரு பிரான்சிஸ்கன் துறவி விண்ணகத்தைப் பற்றி எடுத்துரைக்கிறார். கிறித்தவர்கள் அங்கே போவார்களா என்று அவன் கேட்கிறான். நல்லவர்கள் போவார்கள் என்பது மறுமொழி. அப்படியானால் எனக்கு அது வேண்டாம், நரகமே போதும் என்கிறான். லாஸ் காசாஸ் இதற்குமேல் அதிகம் விளக்கம் சொல்லவில்லை. நற்செய்தியை அறிவித்த வாயையும் தீ வைத்த கையையும் ஒரே காட்சியில் நிறுத்தியதே போதும் என்று விட்டுவிடுகிறார்.

இவரும் ஒருகாலத்தில் பூர்வகுடிகளின் உழைப்பில் வாழ்ந்தவரே. 1511-ஆம் ஆண்டு திருவருகைக் காலத்தில் சாந்தோ தொமிங்கோ நகரில் அந்தோனியோ தெ மொந்தேசினோஸ் என்னும் தொமினிக் துறவி, இம்மக்கள் மனிதர் இல்லையோ என்று பீடத்தருகே நின்று கேட்டபோது குடியேறியவர்கள் கொதித்தெழுந்தனர். லாஸ் காசாஸ் மனம் மாற இன்னும் மூன்று ஆண்டுகள் ஆயின. 1514-இல் மறையுரைக்கு ஆயத்தம் செய்கையில், அநீதியாய் ஈட்டியதைப் பலியிடுவது பற்றிய சீராக் நூற்பகுதி அவரைத் தைத்தது. தம்மிடமிருந்த அடிமை உழைப்பைத் துறந்தார்.

இதன்பின் நடந்தவை ஸ்பானியப் பேரரசின் வியத்தகு பக்கம். 1542-இல் பூர்வகுடிகளைக் காக்கும் புதிய சட்டங்கள் பிறந்தன. 1550-இல் புதிய படையெடுப்புகளை நிறுத்திவைத்த பேரரசர் ஐந்தாம் சார்லஸ், அவை நீதியானவையா என்று வய்யதோலித் நகரில் அறிஞரைக் கூட்டி வாதிடச் செய்தார். தன் வெற்றியின் நியாயத்தைத் தானே விசாரித்த பேரரசு வேறு எது என்று நம்மவர் பெருமிதத்துடன் கேட்பதுண்டு. கேட்கலாம். ஆனால் தீர்ப்பு எதுவும் அறிவிக்கப்படவில்லை, படையெடுப்புகளும் நின்றபாடில்லை. புதிய சட்டங்களை எதிர்த்துப் பெருவில் கலகம் மூண்டு, 1546-இல் அரசப் பிரதிநிதியே கொல்லப்பட்டார். முக்கியமான விதி அதற்கு முன்பே திரும்பப் பெறப்பட்டிருந்தது. 1573 முதல் பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்திற்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 13,000 ஆண்கள் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டனர்.

இனி ஆங்கிலேயர். பிலிப்ஸின் மொழிபெயர்ப்பைப் படித்துக் கண்ணீர் சிந்திய வாசகருக்கு மிஸ்டிக் என்னும் ஊர் நினைவுக்கு வந்ததா? பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், 1637-இல், பீக்குவாட் மக்கள் வாழ்ந்த அவ்வூரை ஆங்கிலேயர் தீயிட்டுச் சூழ்ந்து நின்று, பெண்கள் குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானோரை ஒரு மணி நேரத்திற்குள் அழித்தனர். கண்டித்துப் பேசியோர் அவர்களிடையேயும் இருந்தனர். பூர்வகுடிகளின் நிலத்தை வழங்க அரசருக்கு உரிமையில்லை என்ற ரோஜர் வில்லியம்சை மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1635-இல் நாடு கடத்தியது. கண்டித்தவரை ஸ்பெயின் ஆயராக்கிற்று என்பது உண்மையே. அவர் சொன்னபடி நடக்கவில்லை என்பதும் உண்மையே.

இவ்வேறுபாட்டிற்கு மதமே காரணமா? பிரித்தானிய வரலாற்றறிஞர் ஜே. எச். எலியட், இரு பேரரசுகளையும் ஒப்பிட்டு 2006-இல் வெளியிட்ட பெருநூலில் இதற்கு நிதானமான விடை தருகிறார். ஸ்பானியர் சென்றவிடத்தில் நகரங்களும் அடர்ந்த மக்கள்தொகையும் வெள்ளியும் இருந்தன. அவர்களுக்கு உழைக்கும் கைகள் வேண்டியிருந்தன; ஆகவே மக்களைத் தம் சமுதாயத்தின் அடித்தட்டில் சேர்த்துக்கொண்டனர். பிந்தி வந்த ஆங்கிலேயருக்கு வேண்டியது நிலம். ஆகவே மக்களை அப்புறப்படுத்தினர். 1514-இலேயே ஸ்பானிய அரசு கலப்பு மணத்தை அனுமதித்தது. 1691-இல் வர்ஜீனியா அத்தகைய மணம் புரிந்த வெள்ளையரை நாடு கடத்தச் சட்டம் இயற்றிற்று. இங்கிலாந்தின் ஏழாம் ஹென்றி கொலம்பசுக்குப் பணம் தந்து, ஆங்கிலேயர் மெக்சிகோவைப் பிடித்திருந்தால் கதையே மாறியிருக்கலாம் என்றும் எலியட் எண்ணிப் பார்க்கிறார். இது கத்தோலிக்க வாசகருக்குச் சற்றுக் கசக்கும். ஆங்கிலேயரின் நற்பண்பை நம்பி வளர்ந்தவருக்கும் கசக்கும்.

நம்மில் பலர் ஸ்பானியரை ஆங்கில நூல்களின் வழியாகவே அறிந்தோம். அந்நூல்களின் பின்னால் நின்ற நோக்கத்தை அறிவது நல்லதே. 1898-இல் அமெரிக்கா ஸ்பெயினுடன் போரிட்டபோது லாஸ் காசாசின் நூல் நியூயார்க்கில் மீண்டும் அச்சிடப்பட்டது. ஊண்டட் நீ என்னுமிடத்தில் லகோட்டா மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டு அப்போது எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆனால் பிறர் அதைத் தவறாகப் பயன்படுத்தினர் என்பதைக் காட்டி, நூல் சொல்வதிலிருந்து நாம் தப்பித்துக்கொள்ள இயலாது. நாம் திருமுழுக்காவது கொடுத்தோம் என்னும் வாதம் எனக்கு உடன்பாடன்று. திருமுழுக்குப் பெற்ற அம்மக்களைக் குருத்துவத்திற்கு ஏற்கலாகாது என்று மெக்சிகோ திருச்சங்கம் 1555-இல் விதித்ததை அந்த வாதம் மறைத்துவிடுகிறது. லாஸ் காசாசும் குறையற்றவர் அல்லர். பூர்வகுடிகளுக்கு மாற்றாக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொணரலாம் என்று ஒருகாலத்தில் பரிந்துரைத்தார். பின்னர் மனம் வருந்தி அதையும் எழுதிவைத்தார்.

மாசசூசெட்சில் ஜான் எலியட் என்னும் பியூரிட்டன் போதகர் இருந்தார் (மேலே சொன்ன எலியட் வேறு). பூர்வகுடிகளின் மொழியில் முழு விவிலியத்தையும் 1663-இல் அச்சிட்டார். 1675-இல் போர் மூண்டபோது, அவ்விவிலியத்தைப் படித்துச் செபித்த பூர்வகுடிக் கிறித்தவர்களையே குடியேற்ற அரசு பாஸ்டன் துறைமுகத்தின் மான் தீவில் அடைத்தது. குளிரிலும் பசியிலும் பலர் மாண்டனர். அம்மொழியும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேசுவோரின்றிப் போயிற்று. 1993 முதல் அவர்களின் வழித்தோன்றல்களான வாம்பனோவாக் மக்கள் அதை மீட்டெடுத்துத் தம் பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகின்றனர். சொற்களைத் தேட அவர்கள் புரட்டும் நூல்களுள் எலியட்டின் விவிலியமும் ஒன்று.