தேர்க்காலும் மூன்றாம் மரணமும்

மனுநீதிச் சோழன் வரலாறு தமிழ்ப் பள்ளிகளில் அறப்பாடமாகவே கற்பிக்கப்பட்டு வருகிறது. ஆராய்ச்சி மணி, கண்ணீர் சொரியும் பசு, மகனைத் தேர்க்காலில் இட்ட மன்னன் என மூன்று காட்சிகளோடு பாடம் முற்றுப்பெறும். ஆயின், பெரியபுராணத்துத் திருநகரச் சிறப்பை ஊன்றிக் கற்பார்க்கு, அப்பகுதி ஒரு மரண விசாரணையின் அமைப்பை உடையது என்பது புலனாகும். முறையீடு வருகிறது, மன்னன் வினவுகிறான், நிகழ்ந்ததை அமைச்சர் உரைக்கின்றனர். கன்று ஒருவரும் அறியாமல் தானே தேர்க்காலில் புகுந்தது என்பதைச் சேக்கிழார் ஐயத்திற்கு இடமின்றிக் கூறிவிடுகிறார். எனவே அது விபத்து. வேதநெறிப்படி கழுவாய் செய்தால் போதும் என்கின்றனர் அமைச்சர்.

மன்னன் அதனை மறுக்கும் இடமே பகுதியின் உயிர்நிலை. வேறொருவன் ஓர் உயிரைக் கொன்றால் அவனைக் கொல்வதும், தன் மகன் கொன்றால் கழுவாய் தேடுவதும் எங்ஙனம் நீதியாகும் என்பது அவன் வினா. குடிகளுக்கு அச்சம் வரும் வாயில்களை எண்ணுமிடத்து, பகைவரையும் கள்வரையும் விலங்கினையும் கூறுமுன், தன்னையும் தன்னைச் சூழ்ந்தாரையும் முதலில் வைக்கிறான். ஆள்வோனின் சுற்றத்தால் வரும் கேட்டிற்கும் ஆள்வோனே பொறுப்பு என்னும் இக்கருத்து 12ஆம் நூற்றாண்டுக் காப்பியத்தில் இத்துணைத் தெளிவாக அமைந்திருப்பது வியப்புக்குரியது.

இங்கிலாந்தின் பழைய சட்டத்தோடு இதனை ஒப்பிடுவது பயன் தரும். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கில நாட்டு வண்டிக்காரனோ ஆலைத் தொழிலாளியோ வேலையில் மாண்டால், கொரோனர் எனப்படும் மரண விசாரணை அதிகாரி அவ்விடம் சென்று, ஊரார் குழுவோடு உடலை நேரில் கண்டு, இறப்பின் காரணத்தை முடிவு செய்ய வேண்டும். 1752ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்கு ஒரு விசாரணைக்கு ஒரு பவுனும், வழிச்செலவாக மைலுக்கு 9 பென்சும் வழங்கியது. அக்குழு உயிர் போக்கிய பொருளுக்கு விலை மதிப்பதும் வழக்கம். சக்கரமோ குதிரையோ மரமோ, எது கொன்றதோ அதன் விலை அரசுக்கு, அல்லது அவ்வுரிமை பெற்ற நிலக்கிழாருக்குச் சேரும். டியோடேண்டு என்பது அதன் பெயர். கடவுளுக்கு அளிக்கத்தக்கது என்று பொருள். கடவுள் பெயரால் பெற்ற பணம் இறந்தவனின் மனைவி மக்களைச் சென்றடைய வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. சோழன் தேரை விட்டுத் தேரூர்ந்தவனைப் பிடித்தான். ஆங்கிலச் சட்டமோ ஊர்ந்தவனை விட்டுச் சக்கரத்தைப் பிடித்தது!

ஆயினும் அப்பழைய வழக்கத்தை நகைத்து ஒதுக்குதல் ஆகாது. புகைவண்டி வந்த பின்னர் அதே வழக்கமே முதலாளிகளை அச்சுறுத்தியது. 1841இல் சானிங் என்னுமிடத்தில், திறந்த பெட்டிகளில் ஊர் திரும்பிய கட்டடத் தொழிலாளர் பலர் விபத்தில் மாண்டபோது, விசாரணைக் குழு 1,000 பவுன் மதிப்பிட்டது. 1846இல் பாராளுமன்றம் அவ்வழக்கத்தையே ஒழித்தது. அவ்வாண்டே இறந்தோர் குடும்பம் இழப்பீடு கோர வழிசெய்யும் சட்டமும் வந்தது. எனினும், உடன் வேலை செய்பவனின் தவற்றுக்கு முதலாளி பொறுப்பல்லன் என்ற கொள்கை, தொழிலாளிக்கு அவ்வழியை நெடுங்காலம் அடைத்தே வைத்திருந்தது.

சேக்கிழாரிடம் மீள்வோம். கன்றும் இளவரசனுமாக இரண்டு மரணங்களே பாடத்தில் பேசப்படுகின்றன. நூலிலோ மூன்றாவது மரணம் ஒன்று உண்டு. மகன்மேல் தேரைச் செலுத்துமாறு மன்னன் அமைச்சன் ஒருவனையே முதலில் ஏவுகிறான். அவன் அதனைச் செய்ய மனமின்றி அகன்று தன் உயிரை விடுகிறான். இவ்வளவும் ஒரே அடியில் முடிந்துவிடுகிறது. ஏவற்பணியில் அகப்பட்டு மாண்ட அவன் பொருட்டு எந்த மணியும் ஒலிக்கவில்லை. நீதிக்கே பெயர் பெற்ற மன்னனும் தன் ஏவலால் விளைந்த அம்மரணத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. இறைவன் அருளால் மூவரும் உயிர்த்தெழுவதால் வினா மறைந்துவிடுகிறது. பக்திக் காப்பியத்திற்கு அம்முடிவு பொருந்துவதே. ஆனால் வாழ்க்கையில் இறந்த தொழிலாளி எழுந்து வருவதில்லை.

இவ்வகையில் இளங்கோவடிகள் கையாண்ட முறை வன்மை மிக்கது. வழக்குரை காதையில் கண்ணகி இக்கதையைப் பாண்டியன் அவையில் முன்காட்டாக எடுத்துரைக்கிறாள். அங்கே கன்றும் எழவில்லை, மகனும் எழவில்லை. விசாரணையின்றிக் கொல்லப்பட்டவனின் மனைவி, சிலம்பைச் சான்றாக ஏந்தி, முடிந்துபோன தீர்ப்பை மீண்டும் விசாரிக்க வைக்கிறாள். கதை அவ்விடத்தில் அறவுரையாக நில்லாமல் வழக்காடும் கருவியாகிவிடுகிறது.

மலேசியத் தமிழருக்கு இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. தோட்டம் விட்டு வந்து கம்போங் மேடான் போன்ற இடங்களில் குடியேறித் தொழிற்சாலை வேலைக்குச் சென்ற குடும்பங்கள் எந்திரத்தையும் இரசாயனத்தையும் அன்றாடம் எதிர்கொண்டவை. 1991 மே 7ஆம் நாள் சுங்கை பூலோ பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் மாண்டனர்; நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. 1994இல் வந்த தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், வேலையிடத்தை இயன்றவரை பாதுகாப்பாக வைத்திருப்பது முதலாளியின் கடமை என விதித்தது. சுற்றத்தால் வரும் அச்சத்தையும் காக்க வேண்டும் என்ற சோழனின் சொல் சட்ட வாசகமாக வர இத்தனை காலம் ஆயிற்று.

நம் சிறுகதைகள் பலவற்றில் தொழிலாளியின் சாவு இன்னும் விதியின் செயலாகவே வருகிறது. மரம் சாய்கிறது, மனைவி மாரடிக்கிறாள், கதை முடிகிறது. மரத்தை வெட்டச் சொன்னவன் யார், கயிறு இருந்ததா, துணையாள் இருந்தானா என்று ஆசிரியர் கேட்பதில்லை. கண்ணீர் வேண்டாம் என்பதன்று. பசுவும் கண்ணீர் விட்டது, ஆனால் அதனோடு மணியையும் அடித்தது.

இக்குறையினின்றும் விலகி நிற்பவை சயாம் இரயில் பாதையைப் பொருளாகக் கொண்ட நாவல்கள். 1942, 1943ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைக்கப்பட்ட அப்பாதையில் மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயர் உண்டு. அவர்களினும் பன்மடங்காக மாண்ட தமிழர் முதலிய ஆசியத் தொழிலாளருக்கு முழுமையான பெயர்ப்பட்டியலே இல்லை. உடலைப் பார்வையிட எந்தக் குழுவும் அக்காட்டுக்குள் செல்லவில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய இரண்டும், எவரும் நடத்தாத அவ்விசாரணையை அரை நூற்றாண்டு கடந்தேனும் நடத்த முற்பட்டன. இந்நூல்களை வகுப்பில் வைப்போர், பாத்திரப் பண்பையும் வருணனையையும் மட்டும் வினாவாக்காமல், ஒவ்வொரு சாவுக்கும் முன் பிறந்த கட்டளை எது என்று மாணவரைத் தேடச் செய்தல் வேண்டும். அம்மாணவர் பின்னர்ப் பெரியபுராணத்தைப் புரட்டும்போது, ஓரடியில் மாண்ட அமைச்சனைத் தாமே கண்டுகொள்வர்.