‘மாத்திப் பாத்துடலாம்’

“சாவியப் போட்டதுமே ஃபேன் ஓட ஆரம்பிச்சிருதுண்ணே.”

“மைலேஜ்?”

“குறைஞ்சுபோச்சு. புகையும் கறுப்பா வருது. செக் லைட் வேற எரியுது.”

“ஹீட் சென்சாருதான் தம்பி. மாத்திப் பாத்துடலாம்.”

பெரம்பலூர் நான்கு ரோட்டுப் பக்கத்து ஷெட்டுகளிலும் அரியலூர் சாலையோர ஒர்க்‌ஷாப்புகளிலும் சித்திரை, வைகாசியில் இந்தப் பேச்சு சகஜம். படித்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஸ்கேனர் போடவில்லை, மீட்டர் வைக்கவில்லை, பானட்டைக்கூடத் திறக்கவில்லை. அதற்குள் தீர்ப்பு வந்துவிட்டதே என்பார்கள். ஆனால் அந்த மெக்கானிக் சொன்னது பெரும்பாலும் சரி. எப்படிச் சரியாகிறது, எந்த இடத்தில் தவறிப்போகிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சிரிப்பதால் இரண்டும் விளங்காது.

ஷெட்டில் ஹீட் சென்சார் என்று சொல்லும் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் என்பது சின்ன உறைக்குள் அடைத்த ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். பாஷ் நிறுவனத்தின் பரவலாகப் புழங்கும் ஒரு வகையில் 20 டிகிரி செல்சியஸில் 2,500 ஓம் இருக்கும். 80 டிகிரியில் 323. 100 டிகிரியில் 186. எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரான ஈசியூ ஒரு ஒயரில் 5 வோல்ட் கொடுத்து, அதில் எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்து வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. பெட்ரோல் எவ்வளவு தெளிப்பது, ஃபேனை எப்போது ஓட விடுவது, டீசல் வண்டியாக இருந்தால் புகை வடிகட்டியான டிபிஎஃப்பில் சேர்ந்த கரியை எப்போது எரிப்பது என்று பல முடிவுகளில் இந்த ஒரே எண்ணுக்குப் பங்கு உண்டு.

ஒயர் அறுந்தாலோ சாக்கெட் கழன்றாலோ ஈசியூவின் கணக்கு மைனஸ் 40 டிகிரிக்குப் போய்விடும். பெரம்பலூர் வெயிலில் மைனஸ் 40! அந்த எண்ணை நம்பக்கூடாது என்று ஈசியூவுக்கும் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதனால் அது செக் லைட்டைப் போட்டுவிட்டு, தானாக ஒரு எண்ணை வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டும். எஞ்சின் வெந்துவிடக் கூடாது என்பதற்காகப் பல கார்களில் ஃபேனையும் நிறுத்தாமல் ஓட விடும். ஒயர் அறாமல் சென்சார் மட்டும் குளிர்ச்சி என்று பொய் சொன்னால், எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று எண்ணி ஈசியூ எரிபொருளை அள்ளி ஊற்றும். கறுப்புப் புகையும் மைலேஜ் இழப்பும் அதனால் வருபவை. ஆக, ஃபேன், மைலேஜ், புகை, விளக்கு என்று வாடிக்கையாளர் சொன்ன நான்கையும் ஒன்றாகக் கேட்டதும் மெக்கானிக் சென்சாரைச் சொன்னது குருட்டு ஊகம் கிடையாது.

இந்த அறிவுக்கு ஒரு பரம்பரையும் உண்டு. அம்பாசிடர் காலத்திலும் பழைய லாரிகளிலும் ஹீட் மீட்டருக்குப் போவது ஒற்றை ஒயர். அதைக் கழற்றி பாடியில் தொட்டு எர்த் கொடுத்தால் டேஷ்போர்டில் முள் உச்சிக்கு ஏற வேண்டும். ஏறினால் மீட்டரும் ஒயரும் நல்லது, சென்சார் போயிற்று. ஏறாவிட்டால் ஒயரையும் மீட்டரையும் பார். காசு செலவில்லாத, பாதி நிமிட வேலை. இன்றைய இரண்டு பின் சென்சாருக்கும் இதே தர்க்கம் செல்லும். சாக்கெட்டைக் கழற்றினால் ஸ்கேனரில் மைனஸ் 40 வர வேண்டும். சாக்கெட்டின் இரண்டு பின்னையும் சிறு ஒயரால் இணைத்தால் எண் உச்சத்துக்குப் போக வேண்டும். இரண்டும் நடந்தால் ஒயரும் ஈசியூவும் குற்றவாளிகள் இல்லை. பழைய ஆட்களில் சிலர் இங்கே பழக்கதோஷத்தில் டெஸ்ட் லாம்ப்பை எடுத்து பேட்டரி கரண்டைக் கொடுத்துப் பார்ப்பார்கள். 5 வோல்ட்டுக்கான ஒயரில் 12 வோல்ட் போனால் ஈசியூவே போய்விடலாம். பழைய பாடத்தில் மாற்ற வேண்டியது அதை மட்டும்தான்.

சரி, மாற்றிப் பார்ப்பதில் என்ன குறை? சென்சாரின் விலை அதிகமில்லை. டாக்சிக்கு ஒரு நாள் ஓட்டம் போனால் அதைவிட நஷ்டம். நல்லதென்று தெரிந்த ஒன்றைப் போட்டுப் பார்ப்பது எந்தத் தொழிலிலும் ஏற்கத்தக்க சோதனை. சோதனை என்றால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். ஷெட்டில் என்ன நடக்கிறது? பேட்டரி டெர்மினலைக் கழற்றுகிறார்கள். சாக்கெட்டைப் பிடுங்கி மறுபடி மாட்டுகிறார்கள். சென்சாரைக் கழற்றும்போது கொட்டிய தண்ணீருக்கு ஈடாகப் புதிதாக ஊற்றுகிறார்கள். கடைசியில் ஈசியூவில் பதிவான பழுதுக் குறியீட்டை, அதாவது கோடை, அழிக்கிறார்கள். இவ்வளவும் செய்தபின் ஃபேன் அடங்கினால், அடக்கியது எது? சாக்கெட்டைப் பிடுங்கி மாட்டியதிலேயே பின்னில் இருந்த களிம்பு உரசிப்போய்த் தொடர்பு திரும்பியிருக்கலாம். தண்ணீர் குறைந்திருந்ததே காரணமாகவும் இருக்கலாம். பதினைந்து நாளில் வண்டி திரும்பி வரும். “இந்த சென்சாரும் டூப்ளிகேட் போல” என்று அடுத்ததை மாட்டுவார்கள். பழைய சென்சார் அதற்குள் குப்பையில். அளந்து பார்க்கவும் வழியில்லை. காசைவிட இந்தத் தடயம் அழிவதுதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது.

டூப்ளிகேட் என்ற சொல்லிலும் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. கடையில் தரும் மாற்றுச் சென்சார் மரையும் பொருந்தும், சாக்கெட்டும் பொருந்தும். ஆனால் மின்தடை இறங்கும் விகிதம் வேறு வண்டிக்கானதாக இருக்கும். அது முழுப் பொய் சொல்லாது, பத்துப் பதினைந்து டிகிரி தள்ளிச் சொல்லும். ஈசியூவும் சந்தேகப்படாது. சில வண்டிகளில் மீட்டருக்கு ஒன்று, ஈசியூவுக்கு ஒன்று என இரண்டு இருப்பதும் உண்டு. நல்லதை மாற்றிவிட்டுக் கெட்டதை விட்டுவிட்ட கதைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

இதைவிடப் பயப்பட வேண்டியது விளக்கே எரியாத பழுது. சாக்கெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பின்னின் அடியில் பச்சையாகப் பூத்திருக்கும். ஓரத்தில் கூலன்ட் கசிந்து காய்ந்த தடம், அதன் மேல் ரோட்டுப் புழுதி அப்பியிருக்கும். அந்தப் பூப்பு 137 ஓம் தடையைக் கூடுதலாகச் சேர்த்திருப்பதாக வைத்துக்கொள்வோம். காலையில் குளிர்ந்த எஞ்சினில் சென்சாரின் தடை 2,000 ஓமை ஒட்டி இருக்கும். அதோடு 137 சேர்ந்தால் கணக்கு ஒன்றிரண்டு டிகிரிதான் பிசகும். எவர் கண்ணிலும் படாது. எஞ்சின் 100 டிகிரிக்கு ஏறும்போது சென்சார் 186 ஓமில் நிற்கும். 137-ஐக் கூட்டினால் 323. அது 80 டிகிரிக்கு உரிய எண்! உள்ளே தண்ணீர் 100 டிகிரியில் நிற்கிறது. ஈசியூவோ 80 என்று எண்ணி ஃபேனைப் போடாமல் இருக்கிறது. 80 டிகிரி என்பது நம்பத்தகுந்த எண் என்பதால் கோடும் விழாது. ஹெட் கேஸ்கட் போன பிறகுதான் ஓட்டுநருக்கு விஷயம் தெரியும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் சோதித்து “எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்று அனுப்பிவைக்கும் ஒர்க்‌ஷாப்புகள் இந்தப் பழுதைப் பிடிக்கவே முடியாது.

ஸ்கேனர் வந்துவிட்டதே, இனி ஊகம் எதற்கு என்று கேட்கலாம். இந்தியாவில் 2013 ஏப்ரலில், வண்டி தன் பழுதைத் தானே பதிவுசெய்யும் ஓபிடி-2 முறை கட்டாயமானது. இன்று புளூடூத் ஸ்கேனரை செல்போனோடு இணைத்து யாரும் பார்க்கலாம். பி0117, பி0118 என்று கோடு வந்ததும் “சென்சார் போச்சுன்னு கம்ப்யூட்டரே சொல்லிருச்சு” என்கிறார்கள். கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லவில்லை. பி0117 என்றால் அந்தச் சுற்றில் மின்னழுத்தம் அளவுக்குக் கீழே, பி0118 என்றால் அளவுக்கு மேலே, அவ்வளவுதான். சுற்று என்பதில் சென்சார், சாக்கெட், ஒயர், எர்த், ஈசியூ எல்லாம் அடக்கம். எந்தப் பொருள் கெட்டது என்று ஸ்கேனர் பெயர் சொல்வதில்லை. பழைய மெக்கானிக் ஊகித்து மாற்றினார். புதியவர் கோடைக் காட்டி மாற்றுகிறார். பில்லில் நம்பிக்கை கூடியிருக்கிறதே தவிர, சோதனை கூடவில்லை.

பி0128 விவகாரம் இன்னும் வேடிக்கை. எஞ்சின் உரிய சூட்டுக்கு வரவில்லை என்பது அந்தக் கோடின் பொருள். நம் பக்கத்தில் வண்டி ஹீட் ஆனால் முதலில் செய்யும் வைத்தியம், தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது. “நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்குங்க?” வால்வு போனதும் நான்குவழி நெடுஞ்சாலையில் வேகமாக ஓடும்போது எஞ்சின் தேவைக்கு மேல் குளிர்ந்துவிடும். பி0128 விழும், மைலேஜ் குறையும், பிஎஸ்-6 டீசலாக இருந்தால் டிபிஎஃப் அடைக்கவும் வழியாகும். அடுத்த ஷெட்டில் கோடைப் பார்த்து ஹீட் சென்சாரை மாற்றுவார்கள். சென்சார் பாவம், உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

அரியலூர் வட்டாரத்தில் சென்சார் மேல் பழி விழுவதற்கு மண்ணும் ஒரு காரணம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியாகக் கிடந்த பூமி இது. அம்மோனைட் புதைபடிவங்கள் இன்றும் கிடைக்கின்றன. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் அரசு சிமென்ட் ஆலை முதல் ராம்கோ, அல்ட்ராடெக், டால்மியா, செட்டிநாடு வரை இங்கே வந்து நிற்கின்றன. அதே சுண்ணாம்பு நிலத்தடி நீரிலும் கரைந்திருக்கிறது. போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால், சூடேறும்போது அதிலுள்ள கால்சியம் பைகார்பனேட் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படியும். வெந்நீர் அண்டாவின் அடியில் பார்க்கும் அதே உப்புப் படிவு. ரேடியேட்டர் குழாய்கள் சுருங்கும், தெர்மோஸ்டாட் இறுகும், சென்சார் நுனியில் ஓடு கட்டும். ஓடு கட்டிய நுனிக்குச் சூடு தாமதமாகத்தான் போய்ச் சேரும். வெளியே, கல் ஏற்றிய லாரிகள் போகும் சாலையின் புழுதி ரேடியேட்டர் பின்னல்களை அடைக்கிறது. இத்தனைக்கும் பிறகு எஞ்சின் உண்மையாகவே சூடாகிறது. முள் ஏறியதைப் பார்த்து, முள்ளைக் குறை சொல்கிறோம்.

“இங்க என்ன பனியா கொட்டுது, கூலன்ட் எதுக்கு?” என்ற கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டும். கொதிநிலையை உயர்த்துவதும் துருவைத் தடுப்பதும் நமக்குத் தேவையானவை. அதையும் வடிநீரில்தான் கலக்க வேண்டும். போர் தண்ணீரில் கலந்தால் பாதிப் பலன் வீண்.

தண்ணீர் குறைந்த வண்டியில் சென்சார் செய்யும் துரோகம் தனி ரகம். நுனி தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் அளவு சரி. மட்டம் இறங்கிக் காற்று சூழ்ந்தால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கலாம். “ஹீட் இறங்கிடுச்சு, போகலாம்” என்று ஓட்டுபவருக்கு திருமாந்துறை சுங்கச்சாவடி தாண்டுவதற்குள் செலவு காத்திருக்கும். முள் திடீரென்று விழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் மட்டத்தை. அதுவும் எஞ்சின் ஆறிய பிறகு. சூட்டோடு மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு.

அப்படியானால் ஒழுங்கான சோதனைக்கு என்ன வேண்டும்? காலையில் வண்டியை எடுக்கும் முன் ஸ்கேனரில் கூலன்ட் சூட்டையும் உள்ளிழுக்கும் காற்றின் சூட்டையும் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியில் ஒன்று 28, இன்னொன்று 50 என்றால் எதுவோ பொய். பிறகு வண்டியைச் சூடேற்றி, ஸ்கேனர் சொல்லும் எண்ணை சென்சாருக்குப் பக்கத்து உலோகத்தின் சூட்டோடு ஒப்பிட வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கி வைத்த நெற்றித் துப்பாக்கி இதற்கு ஆகாது. நெற்றிச் சூட்டுக்கான அதன் அளவு காய்ச்சலுக்கு மேல் போகாது. தொழிற்சாலைக்கான இன்ஃப்ராரெட் மானியும் பளபளக்கும் அலுமினியத்தில் குறைத்துத்தான் காட்டும். அந்த இடத்தில் கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் பிடிக்க வேண்டும். எண்கள் பொருந்தாவிட்டால் சாக்கெட்டைக் கழற்றி, சூடான சென்சாரின் தடையை நேராக அளக்கலாம். சென்சார் சொல்வது 100 டிகிரி, ஸ்கேனர் சொல்வது 80 என்றால் அந்த 137 ஓம் சாக்கெட்டிலோ ஒயரிலோ எர்த்திலோ இருக்கிறது. சென்சார் மீதே சந்தேகம் என்றால் கழற்றி, டீக்கடை வெந்நீரில் நுனியைத் தொங்கவிட்டு மீட்டரில் ஓம் இறங்குவதைப் பார்த்தால் போதும். கொதிக்கும் தண்ணீர் பெரம்பலூரிலும் ஏறக்குறைய 100 டிகிரிதான்.

இதற்கெல்லாம் அந்த வண்டிக்கு உரிய தடை அட்டவணை வேண்டும். ஷெட்காரரிடம் அது இல்லை என்றால் குற்றம் அவருடையது மட்டும் அன்று. உதிரிபாகம், சர்வீஸ் கையேடு, சோதனைக் கருவி ஆகியவற்றை வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்காமல் தடுத்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போனது. 2022 டிசம்பரில் மத்திய அரசு ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளம் திறந்தபோது அதில் வாகனத் துறையையும் சேர்த்தார்கள். நான்கு எண்கள் கொண்ட ஓர் அட்டவணை இன்றும் எல்லா ஷெட்டுச் சுவருக்கும் வந்து சேரவில்லை.

அட்டவணை வந்தாலும் பாதிச் சிக்கல் மிஞ்சும். ஷெட்டில் கூலி பொருளோடு ஒட்டி வருகிறது. சென்சார் மாற்றினால் சென்சார் விலையும் மாற்றுக் கூலியும் கேட்கலாம். ஸ்கேனர் போட்டால் அதற்கும் கேட்கலாம். மெஷின் கண்ணுக்குத் தெரிகிறது. அரை மணி நேரம் எஞ்சினைச் சூடேற்றி, மீட்டர் வைத்து, சாக்கெட்டின் பச்சையைச் சுரண்டித் துடைத்து, வண்டியைச் சரியாக்கி அனுப்பும் மெக்கானிக் அதற்குக் காசு கேட்டுப் பார்க்கட்டும். “ஒண்ணுமே மாத்தலையேண்ணே, எதுக்குக் காசு?”