அடுக்களையிலிருந்து தொழிற்கூடம் வரை: இரு நாடகங்கள், ஒரு மதிப்பீடு

மதத்தின் பெயரால் நிகழும் அடக்குமுறையை எதிர்க்கும் நாடகத்தை மதிப்பிடும்போது, அதில் என்ன பேசப்படுகிறது என்பதோடு, அதை மேடையேறிப் பேசுபவர் யார் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதற்கு, கேரள நம்பூதிரிச் சமூகத்தில் 1929இலும் 1948இலும் அரங்கேறிய இரு நாடகங்கள் வலுவான சான்றாகும்.

அந்தர்ஜனம், அதாவது உள்ளே இருப்பவர் என்றே அழைக்கப்பட்ட நம்பூதிரிப் பெண், வீட்டைவிட்டு வெளியே வந்தால் உடலைத் துணியால் போர்த்தி, மறைக்குடை எனப்படும் அகன்ற ஓலைக்குடையைச் சாய்த்துப் பிடித்து முகத்தை மறைத்தே நடக்க வேண்டியிருந்தது. மூத்த மகன் மட்டுமே சொந்தச் சாதியில் மணம் புரியலாம் என்றும், அவர் பல மனைவியரைக் கொள்ளலாம் என்றும் இருந்த வழக்கத்தால், சிறுமியர் பலர் முதியவர்களுக்கு வாழ்க்கைப்பட்டு இளமையிலேயே விதவையாயினர். இவை அனைத்தும் ஆசாரம் என்னும் பெயரால் புனிதமாக்கப்பட்டிருந்தன.

கோயில் பூசகராக இருந்து சீர்திருத்தவாதியான வி. டி. பட்டதிரிப்பாடு எழுதிய 'அடுக்களையில் நின்னு அரங்ஙத்தேக்கு', 1929 டிசம்பரில் திருச்சூர் அருகே எடக்குன்னியில் அரங்கேறியது. முதியவருக்கு மனைவியாக்கப்படவிருந்த தேத்தி என்னும் பெண்ணை, சென்னையில் கல்வி கற்ற மாதவன் நீதிமன்றத் தடையாணையின் துணையோடு மீட்டு மணக்கிறான். குற்றம் சாட்டப்பட்ட சமூகத்தாரையே பார்வையாளராக அமர்த்தி, அவர்கள் வீட்டுப் பேச்சுமொழியிலேயே அவர்களை விசாரித்ததுதான் இந்நாடகத்தின் பெரும் வலிமை. 1934இல் வி. டி.யின் இல்லத்தில் சக சீர்திருத்தவாதி எம். ஆர். பட்டதிரிப்பாடு விதவையான உமா அந்தர்ஜனத்தை மணந்தபோது, மேடையில் எழுந்த குரல் வாழ்க்கையிலும் செயலாயிற்று. எனினும், பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்றனர். கதைக்குள்ளும் பெண்ணுக்கு விடுதலை ஆணின் கையாலேயே கிடைத்தது.

இக்குறையை நிறைவு செய்தது, 1948இல் பாலக்காட்டுப் பகுதியிலுள்ள லக்கிடியில், அந்தர்ஜனங்கள் தாமே நடத்திய தொழிற்கூடத்தில் பிறந்த 'தொழில் கேந்திரத்திலேக்கு' ஆகும். பெண்கள் கூட்டாக எழுதி, எல்லா வேடங்களையும் தாங்களே ஏற்று நடித்த அந்நாடகத்தில், வீட்டைவிட்டு வெளியேறும் பெண் இன்னொரு மணவாழ்வை நாடாமல், தன் உழைப்பால் வாழும் இடத்தைத் தேடிச் செல்கிறாள். முகம் காட்டுவதே ஆசாரமீறலாகக் கருதப்பட்ட சமூகத்தில், அவர்கள் ஒப்பனையோடு பலர்முன் நின்றதே, எந்த வசனத்தையும்விடக் கூர்மையான எதிர்வாதமாயிற்று.

முதல் நாடகம் பூட்டை உடைத்தது என்பதில் ஐயமில்லை. அதற்குரிய புகழும் அதற்குக் கிடைத்துவிட்டது. ஆனால், ஒடுக்கப்பட்டவரே தம் கதையை எழுதி, நடித்து, முடிவையும் தீர்மானித்தது இரண்டாவது நாடகத்தில்தான் என்பதால், கேரள நாடக வரலாற்றில் லக்கிடிப் பெண்களின் படைப்புக்கு வி. டி.யின் நாடகத்திற்கு நிகரான இடம் அளிக்கப்பட வேண்டும்.