அங்கோர்வாட்டைக் கட்டியது யார்? ஒரு விடுமுறைப் பயணமும் ஒரு திருத்தமும்

போன டிசம்பர் விடுமுறைக்குக் கம்போடியா போயிருந்தோம். நான், மனைவி, எட்டாவது படிக்கும் மகள், கூடவே சென்னையிலிருந்து கிளம்பிய இருபது பேர் கொண்ட ஒரு டூர் குழு. இரண்டாம் நாள் அங்கோர்வாட். விடியற்காலை நாலரைக்கே எழுப்பி, மேற்குப் பக்கக் குளத்தங்கரையில் நிறுத்திவிட்டார்கள். சூரியன் கோபுரங்களுக்குப் பின்னால் எழுந்தது, எல்லோரும் ஒரே படத்தை எடுத்தோம். பிறகு கிழக்குத் தாழ்வாரத்தில் பாற்கடல் கடையும் புடைப்புச் சிற்பம். சுமார் 49 மீட்டர் நீளம். ஒரு பக்கம் 88 தேவர்கள், மறுபக்கம் 92 அசுரர்கள் வாசுகியைப் பிடித்து இழுக்கிறார்கள்.

கைடு ஐம்பது வயதைத் தாண்டிய கெமர்காரர். பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். நடுவில் என் மகள் ஆங்கிலத்தில் கேட்டாள்: "இதைக் கட்டியது எங்க தமிழ் ராஜாதானே?"

அவர் அவளிடம் திரும்பி, "அப்படியா? யாரும்மா சொன்னது?" என்றார்.

"அப்பா."

கைடு என்னைப் பார்த்துச் சிரித்தார். கோபமோ கேலியோ இல்லாத, நிறைய முறை சிரித்துப் பழகின சிரிப்பு. அதுதான் என்னை உறுத்தியது.

மகள் சொன்னது உண்மை. சில வருடங்களுக்கு முன் எங்கள் அடுக்ககப் பொங்கல் விழாவில் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியை எடுத்து, அதற்குக் கொஞ்சம் உப்பு காரம் சேர்த்து, "உலகின் மிகப்பெரிய கோயிலைக் கட்டியவன் தமிழ் மன்னன் இரண்டாம் சூர்யவர்மன்" என்று மைக்கில் முழங்கினேன். நல்ல கைதட்டல். ஆராய்ச்சிக் குறிப்புகள் எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்கிற ஆள் ஒரு கல்வெட்டைக்கூடப் புரட்டிப் பார்க்கவில்லை. ஊருக்குத் திரும்பியதும் அந்த வேலையைத்தான் முதலில் செய்தேன்.

அந்தச் செய்தி என்ன சொல்கிறது?

எத்தனையோ வடிவங்களில் சுற்றினாலும் அதில் வாதங்கள் மூன்றுதான்.

ஒன்று, பெயர். மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன் போல சூர்யவர்மன். ஆகவே பல்லவன், ஆகவே தமிழன். ஆனால் 'வர்மன்' என்பது குலப்பெயர் இல்லை, கவசம் என்று பொருள்படும் வடமொழிச் சொல். அசாமின் காமரூபத்தில் பாஸ்கரவர்மன் இருந்தான். ஜாவாவில் பூர்ணவர்மன், போர்னியோவில் மூலவர்மன், இன்றைய வியட்நாமின் சம்பா நாட்டில் பத்ரவர்மன். இவர்கள் எல்லோரும் காஞ்சிபுரத்துக்காரர்கள் என்றால் காஞ்சிபுரம் தாங்காது. தவிர, பல்லவர் ஆட்சி 9ஆம் நூற்றாண்டின் இறுதியோடு முடிந்துவிட்டது. இரண்டாம் சூர்யவர்மன் பட்டமேறியது 1113இல்.

அவன் யார் என்பதும் மர்மம் இல்லை. மகிதரபுரம் என்ற குடியைச் சேர்ந்தவன். பெரிய பாட்டன் முறையான முதலாம் தரணீந்திரவர்மனைப் போரில் கொன்றுவிட்டு அரியணை ஏறியவன். அங்கோர்வாட்டின் தெற்குத் தாழ்வாரத்தில் அவனே உட்கார்ந்திருக்கிறான்; தளபதிகள் யானைமேல் அணிவகுத்துப் போகிறார்கள். பக்கத்தில் சின்னச் சின்னக் கல்வெட்டுக் குறிப்புகளும் உண்டு. நாங்கள் அந்தச் சுவரைத் தாண்டித்தான் போனோம். குழுவில் ஒருவரும் நிற்கவில்லை, நானும்தான்.

இரண்டு, படையெடுப்பு. ராஜேந்திர சோழன் கடல் கடந்து வென்றான், எனவே கம்போடியாவும் அவன் கையில். 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பில் வென்ற ஊர்களை அவன் மெய்க்கீர்த்தி வரிசையாகச் சொல்கிறது: கடாரம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாதமாலிங்கம், மாநக்கவாரம் என்று போகும் பட்டியல். காம்போஜம் அதில் இல்லை. வென்றதை விட்டுவிடும் பழக்கம் மெய்க்கீர்த்திக்குக் கிடையாது.

மூன்று, கட்டடக்கலை. "பார்த்தாலே நம்ம கோயில் மாதிரி இருக்கு." பார்த்தால் அப்படி இல்லை என்பதுதான் நேரில் போனவன் சொல்ல வேண்டியது. தஞ்சைக் கோயில் கிழக்கு நோக்கியது, அங்கோர்வாட் மேற்கு நோக்கியது. நடுவில் ஒன்றும் நாலு மூலையில் நாலுமாகத் தாமரை மொட்டு வடிவக் கோபுரங்கள், சுற்றிலும் சுமார் 190 மீட்டர் அகல அகழி, படிப்படியாக உயரும் திருச்சுற்றுகள். மேரு மலையையும் அதைச் சூழ்ந்த கடலையும் கல்லில் காட்டும் இந்த முறையைக் கெமர் சிற்பிகள் தலைமுறை தலைமுறையாகச் சின்னக் கோயில்களில் பழகி வளர்த்தார்கள். பகோங், பிரே ரூப், தா கேவ் என்று வரிசையாகப் பார்த்தால் கண்ணெதிரே தெரியும். திடீரென்று கப்பலில் வந்து இறங்கிய கலை அல்ல அது.

நாம் மட்டும்தானா?

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் சுவாரசியமானது. போகிறவன் எல்லாம் இதைத்தான் செய்திருக்கிறான்.

1296இல் அங்கோருக்கு வந்து ஏறத்தாழ ஒரு வருடம் தங்கிய சீனத் தூதுக் குழுவில் சௌ தாகுவான் என்பவர் இருந்தார். சந்தையில் வியாபாரம் செய்வது பெண்கள்தான் என்பதுவரை கவனித்து எழுதியவர். அப்படிப்பட்டவரே அங்கோர்வாட்டை லூ பானின் கல்லறை என்று குறிக்கிறார். லூ பான் சீனத் தொன்மக் கதைகளில் வரும் தச்சர், நம்ம மயன் மாதிரி.

1632இல் உகொன்டாயு கஸுஃபுஸா என்ற ஜப்பானியர் வந்து புத்தர் சிலைகளைச் சமர்ப்பித்து, தூணில் மையால் எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்தக் கால ஜப்பானியருக்கு இது புத்தர் தங்கிய ஜேதவனம். அப்படிச் சொல்லி வரைந்த வரைபடமே இருக்கிறது. 1860இல் வந்த பிரெஞ்சுக்காரர் ஹென்றி மூவோ கிரேக்க, ரோமானியக் கட்டடங்களோடு ஒப்பிட்டு வியந்தார்; ஆனால் கண்முன் நின்ற கெமர் மக்களின் முன்னோர்தான் இதைக் கட்டினார்கள் என்று நம்ப அவருக்கு மனம் ஒப்பவில்லை. அடுத்த மூன்றே வருடத்தில் கம்போடியா பிரெஞ்சுப் பாதுகாப்பின் கீழ் வந்தது. 'தொலைந்த நகரத்தைக் கண்டுபிடித்தோம்' என்ற கதை ஆள வந்தவர்களுக்கு வசதியாகப் போயிற்று. அங்கே புத்த பிக்குகள் தொடர்ந்து வாழ்ந்து வழிபட்டு வந்தார்கள் என்பது அந்தக் கதையில் வராது.

வந்தவன் எல்லாம் தன் வீட்டுக் கண்ணாடியைக் கையிலேயே கொண்டுவந்திருக்கிறான். வரிசையில் கடைசியாக வாட்ஸ்அப்போடு நாம்.

அப்படியானால் தொடர்பே இல்லையா?

இருக்கிறது. உண்மையான தொடர்பு பொய்யைவிட நன்றாகவே இருக்கிறது. கரந்தைச் செப்பேடு, காம்போஜ மன்னன் ராஜேந்திர சோழனுக்குத் தேர் ஒன்றை அனுப்பி நட்பு வேண்டியதைச் சொல்கிறது. 1114ஆம் ஆண்டைச் சேர்ந்த சிதம்பரம் கல்வெட்டு, காம்போஜ மன்னன் முதலாம் குலோத்துங்கனுக்குக் காட்டிய ஒரு கல் அந்தக் கோயிலில் பதிக்கப்பட்டதைச் சொல்கிறது. சூர்யவர்மன் பட்டமேறிய மறு வருடம். பழைய கெமர் எழுத்து பல்லவ எழுத்தோடு நெருங்கிய உறவு உடையது. இரண்டு அரசுகள் ஒன்றையொன்று மதித்துப் பரிசு அனுப்பிக்கொண்டதற்கு அடையாளங்கள் இவை. ஒருவர் இன்னொருவர் வீட்டைக் கட்டிக்கொடுத்ததற்கு அல்ல.

என் தொழில் பாஷையில் சொல்கிறேன். ஒரு நல்ல லைப்ரரியை இம்போர்ட் செய்து ஒருவன் பெரிய அப்ளிகேஷன் எழுதினால், அது லைப்ரரி எழுதினவனுடையதாகிவிடுமா? நன்றி சொல்ல வேண்டும், சரி. உரிமை கொண்டாட முடியாது.

கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதையும் அல்ல. மேகோங் ஆற்றங்கரைச் சாம்போரில் கிடைத்த ஒரு பழைய கெமர்மொழிக் கல்வெட்டில் சக ஆண்டு 605 என்று வெட்டியிருக்கிறது, அதாவது கி.பி. 683. நடுவில் இருக்கும் பூஜ்யம் ஒரு புள்ளி. குவாலியர் கோயில் கல்வெட்டின் புகழ்பெற்ற பூஜ்யம் 876ஐச் சேர்ந்தது. பூஜ்யம் அரபு நாட்டிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோதான் வந்திருக்க வேண்டும் என்று சிலர் வாதிட்ட காலத்தில், ஜார்ஜ் செதேஸ் 1931இல் இந்தத் தென்கிழக்காசியக் கற்களைக் காட்டித்தான் மறுத்தார். இந்திய எண்முறையின் பழமைக்கு ஒரு கெமர் கல்தச்சன் சாட்சி சொல்லியிருக்கிறான். நாமோ அவன் பேரன் கட்டின கோயிலை நம் பெயருக்குப் பட்டா போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பயணம் எழுதுகிறவர்களுக்கு

தமிழில் வரும் கம்போடியப் பயணக் கட்டுரைகளையும் வீடியோக்களையும் திரும்பி வந்து நிறையப் பார்த்தேன். பெரும்பாலும் மூன்று சங்கதிகள்: டிக்கெட் விலை (ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62), தா புரோம் கோயில் சுவரைக் கவ்விய மரத்தடியில் ஒரு போட்டோ, கடைசியில் 'தமிழன்டா'. விலை விவரம் உபயோகமானது, குறை சொல்லமாட்டேன். மற்ற இரண்டிலும் அந்த நாட்டு மனிதர்களைக் காணோம்.

அதே தா புரோமின் 1186ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அந்தக் கோயிலுக்கு ஊழியம் செய்ய 3,140 ஊர்களும் 79,365 பேரும் ஒதுக்கப்பட்டதாகக் கணக்குச் சொல்கிறது. எந்த ராஜா என்று சண்டை போடுகிற நாம், நெல்லும் கல்லும் சுமந்த அந்த 79,365 பேரைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறோமா? அவ்வளவு பேருக்குச் சோறு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பதில் தொன்லே சாப் ஏரியில் இருக்கிறது. மழைக்காலத்தில் மேகோங் பெருகும்போது ஏரியிலிருந்து வடியும் ஆறு திசைமாறி ஏரிக்குள்ளேயே பாய்கிறது. ஏரி பல மடங்கு விரிகிறது, மீன் கொழிக்கிறது. பேயோன் கோயில் சுவரில் மீன்களையும் சந்தைப் பெண்களையும் அதனால்தான் செதுக்கியிருக்கிறான். இயற்கை தனி, வரலாறு தனி என்று டூர் அட்டவணையில் பிரித்துப் போடுகிறார்கள். அங்கே இரண்டும் ஒன்றுதான்.

இன்னொன்றும் உண்டு. 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்ட நாடு அது. படித்தவர்கள், பிக்குகள், கலைஞர்கள் என்று ஒரு தலைமுறையே போயிற்று. எல்லாம் போன பிறகு, 'இது எங்கள் முன்னோர் கட்டியது' என்று காட்ட மிஞ்சியது இந்தக் கோயில். அவர்கள் கொடியிலும் அதுதான் இருக்கிறது. அதையும் எங்களுடையது என்று விருந்தாளி சொன்னால், அந்த மனிதர் சிரிக்காமல் வேறு என்ன செய்வார்?

கடைசி நாள் மாலை அவரிடம் தனியாகப் போய், மகளிடம் நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்றேன். "பரவாயில்லை சார், எல்லா நாட்டுக்காரர்களும் ஏதாவது சொல்வார்கள்" என்றார். கொஞ்சம் நின்று, "பாப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், என்னிடமிருந்து கேட்டால் நம்பமாட்டாள்" என்றார்.

சொன்னேன். "அப்போ பொங்கலுக்கு நீ பேசினது?" என்று கேட்டாள். வருகிற பொங்கலுக்கும் பத்து நிமிடம் கேட்டிருக்கிறேன். இந்த முறை கைதட்டல் கம்மியாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.