ஒரே மேசையில் ஆவணமும் சாட்சியும்

நாடுகளுக்கிடையே நடந்ததை எழுதும் வரலாற்றுக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தவர் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர் லியோபோல்ட் ஃபான் ராங்கே. வெனிஸ் தூதர்கள் தங்கள் அரசுக்கு எழுதி அனுப்பிய அறிக்கைகளைத் தேடிப்பிடித்துப் படித்தவர் அவர். பின்னால் வந்தவர்கள் சொன்னதை நம்பாதே, அன்று எழுதிய ஏட்டைப் பார் என்பது அவர் பள்ளியின் பாலபாடம். இன்றும் அதைத் தாண்டித்தான் யாரும் இத்துறைக்குள் வர முடியும்.

அந்தப் பள்ளியின் குறை முதல் உலகப் போருக்குப் பின் வெளிச்சத்துக்கு வந்தது. போருக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியில் தன் பக்கத்தை நிலைநாட்ட, ஜெர்மனி 1922 முதல் 1927 வரை 40 தொகுதிகளாக வெளியுறவு ஆவணங்களை அச்சிட்டது. பிரிட்டனும் பிரான்ஸும் தங்கள் தொகுதிகளோடு வந்தன. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்தவர்கள் வழக்கில் சம்பந்தப்பட்டவர்களே! 1961இல் ஹாம்பர்க் பேராசிரியர் ஃபிரிட்ஸ் ஃபிஷர், சான்சலர் பெத்மன் ஹோல்வெக்கின் 1914 செப்டம்பர் போர் நோக்கத் திட்டத்தை முன்னிறுத்தி எழுதியபோது மேற்கு ஜெர்மன் வரலாற்றுலகம் கொதித்தெழுந்தது. போருக்கு ஜெர்மனி முதன்மைப் பொறுப்பல்ல என்று ஒரு தலைமுறை கட்டிக் காத்த கதை அவர் புத்தகத்தால் ஆட்டம் கண்டது.

பிரான்ஸில் பியர் ரெனுவின் வேறு பாதை போட்டார். முதல் உலகப் போரில் ஒரு கையை இழந்தவர். தூதர்களின் கடிதங்களுக்கு அடியில் ஓடும் புவியியல், மக்கள்தொகை, பணம், தேசிய உணர்ச்சி ஆகியவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றார். இவருக்கு உரிய மதிப்பு பிரெஞ்சு மொழிக்கு வெளியே கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். அமெரிக்காவில் வில்லியம் ஆப்பிள்மன் வில்லியம்ஸ் 1959இல் பனிப்போருக்குத் தன் நாட்டின் சந்தைத் தேடலைக் குற்றம் சாட்டினார். ஜான் லூயிஸ் காடிஸ் போன்றோர் 1970களில் அதற்கு மறுப்பு எழுதினார்கள். இரு தரப்பும் படித்தது பெரும்பாலும் அமெரிக்கக் காகிதம்தான். மாஸ்கோ ஆவணக் காப்பகங்களின் கதவு அப்போது மூடியிருந்தது.

கதவு திறக்கத் தொடங்கிய நேரத்தில் பிறந்த ஒரு முறைதான் என்னை மிகவும் கவர்ந்தது. ஜேம்ஸ் பிளைட், ஜேனட் லாங் ஆகியோர் வளர்த்தெடுத்த முறை அது. சம்பவத்தில் முடிவெடுத்தவர்கள், வரலாற்றாசிரியர்கள், புதிதாக வெளிவந்த ஆவணங்கள் ஆகிய மூன்றையும் ஒரே அறையில் சேர்ப்பார்கள். எல்லோரும் ஆவணங்களை முன்கூட்டியே படித்துவிட்டு வருவார்கள். கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் நிறுவப்பட்டதால் 1962 அக்டோபரில் எழுந்த கியூபா ஏவுகணை நெருக்கடி பற்றி 1987இல் தொடங்கிய உரையாடல்கள் இதற்கு நல்ல உதாரணம்.

1989 ஜனவரியில் மாஸ்கோவில் நடந்ததைப் பாருங்கள். நெருக்கடியை முடிக்கும் பேரமாக, துருக்கியிலிருந்த அமெரிக்க ஜூபிடர் ஏவுகணைகளை அகற்றுவதாக அதிபர் கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடி தன்னிடம் வாக்களித்தார் என்று முன்னாள் சோவியத் தூதர் அனடோலி டோப்ரினின் சொன்னார். எதிரே இருந்தவர் அதிபர் கென்னடியின் உரைகளை எழுதிய தியோடர் சோரன்சன். ராபர்ட் கென்னடி இறந்தபின் 1969இல் வெளிவந்த அவருடைய நூலைச் செம்மை செய்தவரும் சோரன்சனே. ராபர்ட் கென்னடியின் நாட்குறிப்பில் அந்தப் பேரம் தெளிவாக இருந்ததையும், அச்சேறும்போது தானே அதை நீக்கியதையும் சோரன்சன் அங்கே ஒப்புக்கொண்டார். அதிபர் கென்னடி எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்று 20 ஆண்டுகளாக நடந்த பாடம் இந்த நீக்கத்தின் மேல் நின்றது.

1992 ஜனவரியில் ஹவானா. ஃபிடல் காஸ்ட்ரோவும் அமர்ந்திருந்த கூட்டம். குறுகிய தூர அணு ஆயுதங்கள் அப்போதே கியூபாவில் இருந்தன, படையெடுப்பு நடந்தால் அவற்றைப் பயன்படுத்தும் அதிகாரம் அங்கிருந்த தளபதி பிலியெவுக்குத் தரப்பட்டிருந்தது என்றார் சோவியத் ஜெனரல் அனடோலி கிரிப்கோவ். நெருக்கடியின்போது அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ராபர்ட் மக்னமாராவுக்கு இது பேரதிர்ச்சி. தீவில் 10,000 சோவியத் வீரர்கள் இருக்கலாம் என்றுதான் வாஷிங்டன் கணித்திருந்தது. உண்மையில் இருந்தவர்கள் 40,000க்கும் மேல்.

ஆனால் ஜெனரலின் சொல்லையும் யாரும் அப்படியே ஏற்கவில்லை. பிறகு வெளிவந்த ரஷ்ய ஆவணங்கள் ஆயுதங்கள் இருந்ததை உறுதிசெய்தன. அதிகாரம் பற்றிய பகுதியை உறுதிசெய்யவில்லை. அதிகாரம் தரும் உத்தரவு வரைவாகவே நின்றுபோயிருந்தது. மாஸ்கோவின் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது என்று அக்டோபர் 27இல் தந்தி போயிருந்தது. மாஸ்கோவில் சாட்சி ஏட்டைத் திருத்தினார். ஹவானாவுக்குப் பின் ஏடு சாட்சியைத் திருத்தியது. இந்த இரண்டு திருத்தத்துக்கும் இடம் கொடுக்கும் நூலையே நான் தரமான நூல் என்பேன்.

இன்றைய பள்ளி இன்னும் விரிந்தது. ஒட் ஆர்ன் வெஸ்டாட் 2005இல் பனிப்போரின் நடுக்களத்தை ஐரோப்பாவிலிருந்து ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவுக்கு நகர்த்தினார். சென் ஜியான் சீன ஆவணங்களிலிருந்து மாவோவின் கணக்குகளை எடுத்துக்காட்டினார். வங்கதேசம் பிறந்த 1971ஐ ஸ்ரீநாத் ராகவன் பல நாட்டு ஆவணங்களை வைத்து 2013இல் எழுதினார். இதற்கிடையே கதவுகள் மறுபடி சாத்தப்படுகின்றன. ரஷ்யாவில் 1990களிலேயே கெடுபிடி தொடங்கிவிட்டது. 2004இல் திறந்த சீன வெளியுறவு அமைச்சகக் காப்பகம் பத்தாண்டுக்குள் பெருமளவு மூடப்பட்டது.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. சென்னையில் பிறந்த சர்வபள்ளி கோபால் நம் வெளியுறவு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவை நடத்தியவர். நேருவின் வாழ்க்கையை மூன்று தொகுதிகளாக எழுதியவர். அவருக்குக் கிடைத்த காகிதங்கள் அடுத்து வந்த ஆய்வாளர்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை. கியூபா நெருக்கடி நடந்த அதே 1962 அக்டோபரில்தான் இமயத்தில் இந்திய சீனப் போரும் மூண்டது. அந்தத் தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்றுவரை வெளியிடவில்லை. ஒரு பகுதி 2014இல் வெளிவந்ததுகூட நெவில் மேக்ஸ்வெல் என்ற ஆஸ்திரேலியப் பத்திரிகையாளரால்தான். அன்று முடிவெடுத்தவர்களில் அநேகமாக எல்லோரும் மறைந்துவிட்டார்கள். அவர்களை இனி எந்த மேசைக்கும் அழைக்க முடியாது. அறிக்கையையாவது அரசு முழுமையாக வெளியிட வேண்டும்.